தோற்ற ஆட்டங்களின் கணக்குப் புத்தகம்

தோற்றுப் போன ஆட்டத்தை யாருக்குத்தான் திரும்பிப் பார்க்கப் பிடிக்கும்? செஸ் விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் தோற்றவுடன் காய்களைக் கலைத்துவிட்டு "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் "நல்லா தூங்கலை", "பக்கத்துல ஒரே சத்தம்" என்று காரணம் சொல்வார்கள். எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று உட்கார்ந்து பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிப் பார்ப்பதையே தன் வாழ்நாள் பழக்கமாக வைத்திருந்து, உலக சாம்பியன் பட்டத்தை மூன்று முறை பிடித்த ஒருவர் இருந்தார். பெயர் மிகயீல் போட்வினிக். சோவியத் நாட்டுக்காரர். செஸ் அவருக்குத் தொழில்கூட கிடையாது. அவர் ஓர் எலக்ட்ரிகல் எஞ்சினியர், அந்தத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

போட்வினிக் 1911-ல் பிறந்தார். செஸ் கற்றுக்கொண்டது 12 வயதில். இன்றைய கணக்குப்படி ரொம்பத் தாமதம்! இப்போதெல்லாம் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுகிறார்கள். ஆனால் 1925-லேயே, அப்போதைய உலக சாம்பியன் காபாபிளாங்கா லெனின்கிராடில் ஒரே நேரத்தில் பலருடன் விளையாடியபோது, அவரைத் தோற்கடித்தவர்களில் இந்த 14 வயதுப் பையனும் ஒருவன். 1931-ல் சோவியத் சாம்பியன்.

பெரிய சோதனை 1933-ல் வந்தது. செக்கோஸ்லோவாகியாவின் சாலோ ஃப்ளோர் அப்போது ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரோடு 12 ஆட்டங்கள். போட்வினிக் முதல் ஆட்டத்தில் தோற்றார், 6-வதிலும் தோற்றார். பாதி தூரம் வந்தபோது இரண்டு ஆட்டம் பின்தங்கியிருந்தார். பிறகு 9-வது, 10-வது ஆட்டங்களை அடுத்தடுத்து ஜெயித்து, போட்டியை 6-6 என்று சமன் செய்தார்.

அந்தப் போட்டிக்கு முன்னால் ஃப்ளோரின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் படித்திருந்தார் போட்வினிக். இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1933-ல் ஒருவருடைய ஆட்டங்களைச் சேகரிப்பது என்றால் பல நாட்டுப் பத்திரிகைகளையும் போட்டிப் புத்தகங்களையும் தேடி, ஒவ்வொன்றாகக் கையால் எழுதி எடுக்க வேண்டும். எதிராளியைப் படிப்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம்தான். போட்வினிக்கிடம் புதிதாக இருந்தது, அதே கண்ணாடியைத் தன் பக்கமும் திருப்பிக்கொண்டது.

1930-களின் கடைசியில் தன் தயாரிப்பு முறையைப் பற்றி அவரே விளக்கி எழுதினார். வீட்டில் உட்கார்ந்து ஆட்டங்களை அலசு. அலசியதை உன்னோடு வைத்துக்கொள்ளாதே, பத்திரிகையில் வெளியிடு. இதுதான் அதன் மையம். ஏன் வெளியிட வேண்டும்? போட்டியில் ஒரு தப்பான நகர்த்தல் செய்தால் எதிராளி மட்டும்தான் தண்டிக்க முடியும், அவனும் கவனித்தால்தான். அச்சில் தப்பாக ஒன்றை எழுதினால் நாடு முழுக்க இருக்கும் ஆட்டக்காரர்கள் கடிதம் போட்டுத் தாளித்துவிடுவார்கள். அந்தப் பயம் இருக்கும்போது மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியாது. கம்பெனிக் கணக்கை முதலாளியே எழுதி முதலாளியே சரிபார்த்தால் லாபம் மட்டும்தான் தெரியும். வெளியாள் ஆடிட் செய்தால்தானே ஓட்டை தெரியும்? அதே கதைதான்.

அந்த எழுத்தில் இன்னும் சில யோசனைகள் இருந்தன. நேர நெருக்கடியில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறவர்கள், வெற்றி தோல்வியைக் கவனிக்காமல் கடிகாரத்தை மட்டும் கவனித்துப் பயிற்சி ஆட்டங்கள் ஆட வேண்டும். பழக்கம் போகும்வரை அதையே செய்ய வேண்டும். போட்டிக்கு ஐந்து நாள் முன்பு செஸ்ஸைத் தொடவே கூடாது. பரீட்சைக்கு முந்தைய ராத்திரி வரை புரட்டுகிறவர்களுக்கு இது பிடிக்காது!

சொன்னவருக்கே 1940-ல் ஓர் அடி விழுந்தது. மாஸ்கோவில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் லிலியந்தாலும் போந்தாரேவ்ஸ்கியும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். போட்வினிக்குக் கிடைத்தது 5-6-வது இடம். அரங்கில் ஒரே சத்தம், புகை. மற்றவர்கள் இதைப் புலம்பலாகவே விட்டிருப்பார்கள். (போட்வினிக்கும் புலம்பினார், அதிகாரிகளுக்குக் கடிதமே எழுதினார். அவருடைய செல்வாக்கால்தான் அடுத்த வருடம் தனியாக ஒரு போட்டியே ஏற்பாடானது என்று பேசியவர்கள் உண்டு. அவர் ஒன்றும் புத்தர் இல்லை.) ஆனால் புலம்பலோடு இன்னொன்றும் செய்தார். சத்தமும் புகையும் தன்னைப் பாதிக்கிறது என்றால் அது தன் குறை என்று எழுதிக்கொண்டார். நண்பர் ராகோசினைக் கூப்பிட்டுப் பயிற்சி ஆட்டங்கள் ஆடினார். பக்கத்தில் ரேடியோ சத்தமாக அலறும். ராகோசின் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகையை நேராக இவர் முகத்தில் ஊதுவார். போட்வினிக்கோ சிகரெட்டே பிடிக்காதவர்.

1941-ல் அந்தத் தனிப் போட்டி நடந்தது. ஆறு பேர், ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் நான்கு ஆட்டங்கள். போட்வினிக் 20-க்கு 13.5 எடுத்து முதலிடம். இரண்டாவதாக வந்த பால் கெரஸ் 11 தான். போன வருடம் இவரை முந்திய லிலியந்தாலும் போந்தாரேவ்ஸ்கியும் கடைசி இரண்டு இடங்கள்!

ஜூன் 1941-ல் ஜெர்மனி சோவியத் மீது படையெடுத்தது. கண்பார்வை குறைவு என்பதால் போட்வினிக்கை ராணுவத்தில் எடுக்கவில்லை. அவர் மனைவி பாலே நடனக் கலைஞர். அவருடைய நடனக் குழுவை லெனின்கிராடிலிருந்து யூரல் மலைப் பக்கம் உள்ள பெர்ம் நகரத்துக்கு மாற்றினார்கள். போட்வினிக்கும் கூடவே போனார், அங்கே மின்சாரத் துறையில் வேலை பார்த்தார். பனி, பஞ்சம், போர். விளையாடுவதற்கு ஆளே இல்லை. அந்த நாட்களில்தான் 1941 போட்டியின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கம் எழுதினார். தன்னுடையது மட்டுமல்ல, மற்றவர்கள் ஆடியதும்தான். மொத்தம் 60 ஆட்டங்கள். அது புத்தகமாக வந்தது போர் முடிந்த பிறகு.

பயன் கிடைத்ததா? 1943-ல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரப் போட்டியில் முதலிடம். 1944, 1945 இரண்டிலும் சோவியத் சாம்பியன். 1948-ல், அலெகின் இறந்து காலியாக இருந்த உலக சாம்பியன் பட்டத்துக்கு ஐந்து பேர் மோதியபோது போட்வினிக் 20-க்கு 14. அடுத்து வந்த ஸ்மிஸ்லோவுக்கு 11. ஆட ஆளில்லாத ஊரில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பார்த்தவர் பின்தங்கவே இல்லை.

இன்றைக்கு இந்த வேலையை போனில் இருக்கும் செஸ் எஞ்சின் ஒரு நொடியில் செய்துவிடும். "இங்கே தப்பு, இதுதான் சரி" என்று சிவப்பு பச்சை போட்டுக் காட்டும். ஆனால் ஏன் தப்பு, அந்த நேரத்தில் நம் மூளை ஏன் அந்தப் பக்கம் போனது என்று அது சொல்லாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆன சென்னையின் குகேஷ், சின்ன வயதில் நெடுநாள் எஞ்சின் இல்லாமலேயே வளர்ந்தவர். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேண்டுமென்றே அதைத் தள்ளி வைத்திருந்தார். முதலில் தானே யோசித்துத் தானே தப்பைக் கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் எண்ணம். பெர்மில் போட்வினிக்குக் கிடைத்தது வேறு வழியில்லாமல் வந்த அதே நிலைமை.

சரி, சாம்பியன் ஆன கதை முடிந்தது. இனிமேல்தான் வேடிக்கை. போட்வினிக் 1948 முதல் 1963 வரை, நடுவில் இரண்டு வருடம் தவிர, உலக சாம்பியன். ஆனால் சாம்பியனாக உட்கார்ந்துகொண்டு தன் பட்டத்துக்காக ஆடிய ஒரு போட்டியில்கூட அவர் ஜெயித்தது கிடையாது! 1951-ல் பிரான்ஸ்டைனோடு 12-12 சமன். 1954-ல் ஸ்மிஸ்லோவோடு 12-12 சமன். (சமன் என்றால் பட்டம் பழைய சாம்பியனிடமே இருக்கும்.) 1957-ல் ஸ்மிஸ்லோவிடம் தோல்வி. 1960-ல் தாலிடம் தோல்வி. 1963-ல் பெத்ரோசியனிடம் தோல்வி. ஜெயித்தது இரண்டே இரண்டு, 1958-லும் 1961-லும். இரண்டும் தோற்ற அடுத்த வருடம் ஆடிய மறுபோட்டிகள்.

தோற்ற சாம்பியன் ஒரு வருடத்துக்குள் மறுபோட்டி கேட்கலாம் என்று அன்று ஒரு விதி இருந்தது. இது சாம்பியனுக்குத் தருகிற சலுகை, அநியாயம் என்றார்கள் பலர். அதில் நியாயம் இருக்கிறது. இன்னொருவர் பல கட்டங்களைத் தாண்டி வந்து ஒரு முறை ஜெயித்தால் போதாது, இரண்டு முறை ஜெயிக்க வேண்டுமா? ஆனால் சலுகை கிடைத்தவர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்திவிட முடியுமா என்பது வேறு கேள்வி. 46 வயதில், தன்னைத் தெளிவாக வென்ற பத்து வயது இளையவரோடு உடனே மறுபடி மோதுவது லேசான காரியம் இல்லை.

1957-ல் ஸ்மிஸ்லோவ் 12.5-9.5 என்று ஜெயித்திருந்தார். போட்வினிக்கின் கையில் அந்த 22 ஆட்டங்கள் இருந்தன. மறுபோட்டிக்கு வந்தபோது அவர் ஆட்டத்தைத் தொடங்கும் விதமே மாறியிருந்தது. கறுப்புக் காய்களோடு, தான் வழக்கமாக ஆடாத கேரோ-கான் என்ற தற்காப்பை எடுத்தார். முதல் மூன்று ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார், அதில் இரண்டு கறுப்பில். அந்த முன்னிலையை ஸ்மிஸ்லோவால் கடைசி வரை எட்ட முடியவில்லை. முடிவு 12.5-10.5. இதற்கு நடுவில் 15-வது ஆட்டத்தில் போட்வினிக் நல்ல நிலையில் இருந்தபோது கடிகாரத்தைப் பார்க்க மறந்து, நேரம் முடிந்து தோற்றுப் போனார். கடிகாரத்தைப் பற்றி ஊருக்கே பாடம் எழுதியவர்!

1960-ல் வந்தவர் வேறு ரகம். லாத்வியாவின் மிகயீல் தால், வயது 23. காய்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாக்குவார், எதிராளிக்கு மூச்சுத் திணறும். (சென்னையில் 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் மேனுவல் ஆரோன் தொடங்கிய செஸ் மன்றத்துக்கு இவர் பெயர்தான். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகிய இடம் அது.) 6-வது ஆட்டத்தில் தால் ஒரு குதிரையை பலி கொடுத்தார். அரங்கில் எழுந்த கூச்சலில் ஆட முடியாமல், இருவரையும் உள்ளே ஓர் அறைக்கு மாற்றினார்கள். போட்வினிக் தோற்றார். அந்த பலி சரியானதல்ல, வெள்ளைக்குத் தப்பிக்க வழி இருந்தது என்பது பிறகு ஆராய்ந்தபோது தெரிந்தது. ஆனால் கடிகாரம் ஓடும்போது அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே! 17-வது ஆட்டத்தில் நல்ல நிலையிலிருந்தும், 40-வது நகர்த்தலை நெருங்கும் சமயம் நேர நெருக்கடியில் பெரிய தப்பு. மொத்தம் 12.5-8.5. தால் உலக சாம்பியன்.

போட்வினிக்குக் கிட்டத்தட்ட 49 வயது. மறுபோட்டி கேட்கமாட்டார் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அவர் கேட்டார்.

அந்த ஒரு வருடம் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 6-வது ஆட்டத்தின் பலி தப்பு என்று தெரிந்துவிட்டதே, "அதிர்ஷ்டத்தில் ஜெயித்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பல பேர் தாலைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள். போட்வினிக் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார். எந்த மாதிரி நிலைகளில் தால் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறான்? காய்கள் திறந்த வெளியில் ஓடியாடும் நிலைகளில். எதில் சாதாரணமாகிவிடுகிறான்? சிப்பாய்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட நிலைகளிலும், ராணிகள் வெட்டுப்பட்ட பிறகு வரும் இறுதி ஆட்டத்திலும். நான் எப்போது சொதப்புகிறேன்? நேரம் குறையும்போது, ஐந்தாவது மணி நேரத்தில் களைக்கும்போது. ஆக, முதலில் உடம்பைத் தேற்ற வேண்டும். ராணிகளை சீக்கிரம் வெட்டிக்கொள்ளத் தயங்கக்கூடாது. தாலுக்குப் பிடித்த மாதிரி ஆடி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும்.

1961-ல் 21 ஆட்டங்களில் போட்வினிக் 10 ஜெயித்தார், 5 தோற்றார், 6 டிரா. 13-8. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும், தாலுக்கு அப்போது சிறுநீரக நோய். உடம்பு சரியாக இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கலாம். ஆனால் பத்து வெற்றிகளையும் நோய் தலையில் கட்டிவிட முடியாது. தால் திரும்பத் திரும்பத் தனக்குப் பிடிக்காத இடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார்.

போட்வினிக்கின் முறையில் ஓட்டையே இல்லையா? இருந்தது. 1962-ல் பல்கேரியாவின் வர்னா ஒலிம்பியாடில், 19 வயது அமெரிக்கர் பாபி ஃபிஷரை அவர் சந்தித்தார். இருவரும் வாழ்க்கையில் மோதிய ஒரே ஆட்டம் அது. போட்வினிக் வீட்டில் தயார் செய்து வைத்திருந்த வரிசையில் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. 17-வது நகர்த்தலில் ஃபிஷர் தன் ராணியால் ஒரு சிப்பாயை எடுத்தார். பார்த்தால் ராணியையே தாரை வார்ப்பது போல இருக்கும். ஆனால் அதை வெட்டினால், கறுப்புக் குதிரை உடனே வெள்ளை ராணியை எடுத்துவிடும். போட்வினிக்கின் வீட்டுக் குறிப்பில் இது இல்லை! பலமுறை ஆடிட் ஆன கணக்கில் ஒரு பூஜ்யம் விட்டுப்போன மாதிரி.

அந்தக் காலத்தில் ஐந்து மணி நேரத்துக்குள் முடியாத ஆட்டத்தை நிறுத்தி வைப்பார்கள். அடுத்த நகர்த்தலைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் தொடர்வார்கள். நிறுத்தியபோது ஃபிஷர் ஒரு சிப்பாய் அதிகம், யானைகள் மிஞ்சியிருந்த இறுதி ஆட்டம். ஃபிஷர் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். சோவியத் அணி ராத்திரி முழுக்க உட்கார்ந்து அலசியது. டிராவுக்கு வழி காட்டும் யோசனையைக் கண்டுபிடித்தவர் கெல்லர். மறுநாள் ஆட்டம் டிராவில் முடிந்தது.

அடுத்த வருடம் பெத்ரோசியனிடம் பட்டம் போனது. 12.5-9.5. இந்த முறை மறுபோட்டி இல்லை, அந்த விதியையே எடுத்துவிட்டிருந்தார்கள். 51 வயதில் போட்வினிக்கிடம் இன்னொரு தோல்விக் கணக்கு இருந்தது, ஆனால் அதைத் தீர்க்க இடம் கிடைக்கவில்லை. 1970-ல் போட்டி ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

அதற்குள் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். பள்ளி என்றால் தினமும் மணி அடிக்கிற பள்ளி இல்லை. மாணவர்கள் வருடத்தில் சில முறை கூடுவார்கள். ஒவ்வொருவரும் தான் ஆடிய ஆட்டங்களைப் பலகையில் போட்டுக் காட்டி, எங்கே என்ன நினைத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். போட்வினிக் கேள்வி கேட்பார். அவரவர் குறைக்கு ஏற்ற வீட்டுப்பாடத்தோடு ஊருக்கு அனுப்புவார். 1963-ல் வந்த 12 வயது கார்போவ் மேல் அவருக்கு ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை இல்லை (ஆட்டங்களை எடைபோட்ட அளவுக்கு ஆட்களை எடைபோட வரவில்லை போலும்). கார்போவ் 1975-ல் உலக சாம்பியன். 1985-ல் கார்போவை வென்ற காஸ்பரோவும், 2000-ல் காஸ்பரோவை வென்ற கிராம்னிக்கும் அதே பள்ளியின் பிள்ளைகள்தான்.

வர்னா ஆட்டம் மட்டும் முடியவில்லை. போட்வினிக் அதை அலசி வெளியிட்டார். தான் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் அது என்று ஃபிஷர் விடவில்லை. 1969-ல் வந்த தன் புத்தகத்தில், போட்வினிக்கின் விளக்கத்தையும் சேர்த்தே அச்சிட்டு, கறுப்பு ஜெயிக்கும் வழி இதுதான் என்று ஒரு வரிசையைக் காட்டினார். போட்வினிக் அந்த நிலையைப் பள்ளியில் பலகையில் போட்டு, பிள்ளைகளிடம் வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். ஃபிஷர் காட்டிய வழியிலும் வெள்ளைக்கு டிரா இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்தது 13 வயது காஸ்பரோவ். வர்னாவில் அந்த ஆட்டம் நடந்தபோது அவன் பிறந்திருக்கவே இல்லை. பிறந்தது 1963 ஏப்ரலில்.